வன்னிப் பாதைகளும் குழந்தையின் இருக்கையும்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில் செல்லும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்று செல்வது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கமாகும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பதும், தாய்மார் பிள்ளைகளின் நெற்றியில் திருநீறு பூசுவதும், கச்சான் சரையுடன் பயணம் மீளத் தொடங்குவதும் வழிப்பயணத்தின் ஆபத்தை வன்னி மக்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதைக் காட்டுகின்றன. காடும் யானையும் இருளுமாக, அஞ்ச வேண்டியவை பாதையின் ஓரத்திலேயே இருந்தன. மாட்டு வண்டியின் வேகத்துக்கு எவரும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. வைக்கோல் பரப்பிய வண்டியின் நடுவில், பெரியவர்களின் கால்களுக்கிடையே அமர்ந்த குழந்தைக்குத் தாயின் மடியே போதுமான காவலாயிற்று.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் கீழ் குடியேற்றத் திட்டங்கள் உருவானபின், வயலும் பாடசாலையும் மருத்துவமனையும் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்தமையால், சைக்கிள் குடும்ப வாகனமாயிற்று. கைக்குழந்தையுடன் தாய் பின்புறக் கரியலில் அமர, நடக்கத் தொடங்கிய பிள்ளை முன்புறப் பாரில் பூட்டிய சிறிய இருக்கையில் ஏறிக்கொள்வதே பொதுவான ஏற்பாடு. இப்பாரிருக்கை, குழந்தைக்கெனத் தனியே அமைந்த இருக்கை என்ற எண்ணத்தின் எளிய தொடக்கம் எனலாம். எனினும் அது வசதிக்காக அமைந்ததேயன்றிக் காவலுக்காக அன்று. கரியலில் அமர்ந்த பிள்ளையின் குதிகால் சில்லுக் கம்பிகளுக்குள் அகப்படுவது பெற்றோர் நன்கறிந்த விபத்தாகவே இருந்துவந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடை வந்தபோது, சில துளி பெற்றோலில் உயிரூட்டி மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்கள் ஒருபுறமிருக்க, சைக்கிளே பெரும்பாலான குடும்பங்களின் துணையாயிற்று.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, ஓரத்து ஆபத்து வேறு வடிவில் வெளிப்பட்டது. வீதியின் இருமருங்கிலும் மிதிவெடிகள் புதைந்து கிடந்தன. ஊர் திரும்பிய மக்களிடையே அப்போது பரவிய மிதிவெடி அபாயக் கல்வி, அதாவது வெடிபொருளை அடையாளங் காணவும் விலகி நடக்கவும் பயிற்றும் பணி, குழந்தைகளின் பாதுகாப்பைச் சமூகமே கையிலெடுத்த முயற்சிகளுள் வன்னியில் மிகப் பெரியது எனலாம். யுனிசெப் நிறுவனத்தின் ஆதரவுடன் உள்ளூர்ப் பணியாளர்கள் பாடசாலைகளிலும் வீதி நாடகங்களிலும் எடுத்துரைத்தவை சிலவே: அறியாத பொருளைத் தொடாதே, மிதிபட்ட பாதையைவிட்டு விலகாதே, சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்பிவிடு. பிள்ளைகள் இவற்றை வீட்டுக்குக் கொண்டுசென்று பெற்றோருக்கு உரைத்தனர். ஆயினும் ஆபத்தை அறிந்த பின்னரும் விறகுக்காகவும் பழைய இரும்புக்காகவும் காட்டுக்குள் இறங்கியோர் இருந்தனர். அறியாமையைக் கல்வி நீக்கலாம். இல்லாமையை அதனால் நீக்க இயலாது என்பதை இப்பணி தெளிவாக்கியது.

போர் முடிந்தபின் ஏ9 வீதி காப்பெற் வீதியாக மாற, ஓரத்தில் இருந்த ஆபத்து வீதியின் நடுவுக்கு வந்தது. இன்று கிளிநொச்சியில் ஒரு தந்தை மோட்டார் சைக்கிளில் பெற்றோல் தாங்கியின்மேல் தலைக்கவசமின்றிக் குழந்தையை இருத்திச் செல்வதும், கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாடகை வானில் புறப்படும் தாய் பல மணிநேரம் குழந்தையை மடியில் ஏந்தியிருப்பதும் மாட்டு வண்டிக் காலத்து நம்பிக்கையின் எச்சங்களே. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் மோதி அரை மீற்றருக்குள் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 200 கிலோ பாரத்தைத் தாங்கும் வலு வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இயலாது.

இம்மடி நம்பிக்கை வன்னிக்கு மட்டும் உரியதன்று. மோதலின்போது கழுத்துக்குத் தாங்கலாகப் பின்னோக்கி அமையும் குழந்தை இருக்கையைச் சுவீடனின் பேர்ட்டில் ஆல்ட்மன் 1960களிலேயே வடிவமைத்திருந்தார். அமெரிக்காவில் முதன்முறையாக டென்னசி மாநிலம், குழந்தை மருத்துவர் றொபேர்ட் சான்டர்ஸின் முயற்சியால், 1978இல் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கியபோது, கையில் ஏந்திய குழந்தைக்கு விலக்களிக்கும் பிரிவொன்று சட்டத்துள் நுழைந்தது. அதனை நீக்க 1981 வரை போராட வேண்டியிருந்தது. வன்னியிலிருந்து புலம்பெயர்ந்தோர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோவில், 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தை பின்னோக்கிய இருக்கையிலும், 18 கிலோ வரை முன்னோக்கிய இருக்கையிலும், அதற்கு மேல் 8 வயது அல்லது 36 கிலோ அல்லது 145 சென்ரிமீற்றர் உயரம் எய்தும்வரை உயர்த்தும் இருக்கையிலும் அமர வேண்டும். கிளிநொச்சியில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துப் பயணிக்கும் பாட்டியின் இன்னொரு பேரப்பிள்ளை ரொறன்ரோவில் வார்ப்பட்டிக்குள் அமர்ந்து பாடசாலை செல்கிறது.

இலங்கையிலோ 2011 ஒக்ரோபரில் கட்டாயமான ஆசனப்பட்டி விதி முன்னிருக்கையில் அமர்வோருக்கு உரியதாகவே அமைந்தது; குழந்தைக்கெனத் தனி இருக்கையை அது கோரவில்லை. ஆகவே வன்னியில் பயணத்தின்போது குழந்தையைக் காக்கும் பணி மீண்டும் ஊரார் கையிலேயே தங்கியுள்ளது. இருக்கை பெரும்பாலும் குழந்தையின் எடையைக் கொண்டே தெரிவுசெய்யப்படுவது. கிளினிக்கில் குழந்தையை நிறுத்து வளர்ச்சிப் பதிவேட்டில் குறிக்கும் குடும்பநல உத்தியோகத்தரைவிட அந்த எடையை நன்கறிந்தவர் கிராமத்தில் இல்லையாதலால், பொருத்தமான இருக்கையை அவரே எடுத்துரைக்கலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் சில இருக்கைகளை வாங்கி வைத்து, நெடும்பயணம் புறப்படும் குடும்பங்களுக்கு இரவல் கொடுத்தால், இல்லாமை என்ற தடையும் குறையும். விடுமுறைக்கு ஊர் வரும் உறவினர், தம் பிள்ளைகள் வளர்ந்தபின் வீட்டில் கிடக்கும் இருக்கையை, விபத்துக்குள்ளாகாததும் காலாவதியாகாததும் என உறுதிசெய்துகொண்டு, அச்சங்கங்களுக்கு எடுத்துவந்து கொடுக்கலாம்.