இருக்கையின் அடியில் ஒரு கணிப்பொறி

திருவண்ணாமலையில் சிறுவயதைக் கழித்த ஆடம் ஆஸ்பர்ன் என்பவர்தாம், கையில் தூக்கிச் செல்லும் கணிப்பொறியை வணிக உலகில் முதன்முதலாக வெற்றியுடன் விற்றவர் என்பதை நம்மில் பலர் அறியார்.

1981-ல் அமெரிக்காவில் வெளிவந்த அந்தப் பொறியின் பெயர் ஆஸ்பர்ன்-1. அமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். பெட்டி விமான இருக்கையின் அடியில் நுழைய வேண்டும் என்பதே அவர்முன் இருந்த நிபந்தனை. இருபுறமும் பிளாப்பி வட்டு இயக்கிகள் இடம் பிடித்துக்கொள்ள, நடுவில் திரைக்குக் கிடைத்தது 5 அங்குலமே! வரிக்கு 52 எழுத்துகள்தாம் தெரியும். வணிகக் கடிதத்துக்கோ 80 வேண்டும். என்ன செய்வது? நினைவகத்தில் 128 எழுத்து அகலத்துக்குப் பக்கத்தை வைத்து, திரையை ஒரு சன்னல்போல் அதன்மேல் நகர்த்தும்படி செய்தார் ஃபெல்சென்ஸ்டைன்.

இசட்-80 நுண்செயலி, 64 கிலோபைட் நினைவகம் ஆகியவை புதியன அல்ல. 1,795 டாலர் விலையிலேயே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் முதலிய நிரல்களையும் சேர்த்துக் கொடுத்ததே புதுமை. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் ஒருவர் பட்டுச் சேலைகளுக்கு அடக்கவிலை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்கால்க் அட்டவணையில் சரிகையின் விலையை மட்டும் மாற்றினால் போதும். எல்லாச் சேலைகளின் கணக்கும் தானே திருந்திவிடும்.

எடை சுமார் 11 கிலோ. உள்ளே மின்கலம் கிடையாது; மின்இணைப்பு இருக்குமிடத்தில்தான் வேலை செய்யும். தூக்கிச் சென்றவர்களின் தோளைத்தான் கேட்க வேண்டும்!

1982-ல் 9 அங்குலத் திரையுடன் கேப்ரோ போட்டிக்கு வந்தது. 1983 செப்டம்பரில் ஆஸ்பர்ன் நிறுவனம் திவாலாயிற்று. ஆடம் ஆஸ்பர்ன் 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.