விட்டிலும் விளக்கும்

விளக்கைக் கண்டால் விட்டில் வந்து விழும் என்பதை அறியாதார் இலர். அவ்வியல்பைக் கல்விக்கும் காப்புக்கும் பயன்படுத்திய வரலாறு தென்னாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்டது.

நீலகிரியில் தேயிலை பயிரிட வந்த ஜார்ஜ் ஹாம்ப்ஸன் என்னும் ஆங்கிலேயர் அம்மலையின் அந்துப்பூச்சிகளைப் பற்றி 1891இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய மூன்று நாட்டு அந்துப்பூச்சிகளையும் 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் வகைப்படுத்தி முடித்தார். புலவர்க்கு நிகண்டு எப்படியோ, பூச்சி ஆய்வாளர்க்கு அத்தொகுதிகள் அப்படி. 1914இல் பெயின்பிரிட்ஜ் பிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிச் சென்னையில் வெளியிட்ட நூலோ உழவனை மனத்திற்கொண்டு எழுந்தது.

உழவனுக்கு விட்டில் வெறும் வேடிக்கையன்று. சித்தூர், திருப்பதி வட்டாரத்து மானாவாரி நிலங்களில் நிலக்கடலை விளைகிறது. அதற்குப் பெரும்பகையாய் வருவது சிவப்புக் கம்பளிப்புழு. தெலுங்கில் அதனை ‘எர்ர கொங்களி புருகு’ என்பர். கொங்களி என்பதும் கம்பளியே. இரு மொழியாரும் ஒரே உவமையைக் கண்டது வியப்புக்குரியது! முதல் மழை பெய்து மண் நனைந்ததும், பல திங்களாக நிலத்தினுள் உறங்கிய கூட்டுப்புழுக்கள் விட்டில்களாய் ஒருசேர வெளிப்படுகின்றன. முன்சிறகின் விளிம்பில் மஞ்சட்கோடு உடைய அவை, இலைகளின் அடிப்புறத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகின்றன. சில நாட்களில் புழுக்கள் பொரித்து, ஒரு கொல்லையைத் தின்று தீர்த்து, படையெனத் திரண்டு அடுத்த கொல்லைக்குச் செல்கின்றன. ஓராண்டின் கடலை அத்துடன் போயிற்று என்றே கொள்ளலாம்.

ஆகவே, மழைக்குப் பிந்தைய இரவுகளில் வரப்போரம் தீ மூட்டுவதும், மண்ணெண்ணெய் கலந்த நீர்த்தொட்டியின்மேல் விளக்கைத் தொங்கவிடுவதும் வழக்கமாயின. ஆயினும் ஒருவன் மட்டும் விளக்கேற்றினால் ஊர்ப்பூச்சி எல்லாம் அவன் கொல்லைக்கே வந்து சேரும். ஊரே கூடி ஏற்றினால்தான் பயன். சித்தூர் அன்று அடங்கியிருந்த சென்னை மாகாணம், 1919இல் பயிர்ப்பூச்சிச் சட்டம் இயற்றி, குறித்த வட்டாரத்தார் அனைவரும் பூச்சி ஒழிப்பில் ஈடுபட வேண்டுமென்று கட்டளையிட வழிசெய்ததன் நியாயமும் இதுவே.

விட்டில் ஏன் விளக்கை நாடுகிறது? நிலவென மயங்குகிறது என்று நெடுங்காலம் கூறி வந்தனர். 2024இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விடை தருகிறது. இரவிலும் வானமே நிலத்தினும் ஒளியுடையது; அவ்வொளிக்கு முதுகைக் காட்டிப் பறந்தால் பூச்சியின் உடல் நிலைதவறாது. பக்கத்தே ஒரு விளக்கு எரிந்தால் அதற்கே முதுகைத் திருப்பி, சாய்ந்து, சுற்றிச் சுற்றி அகப்பட்டுக்கொள்கிறது. விரைவுப் படக்கருவிகள் இதனைத் தெளிவாகக் காட்டின. ஆசையால் விழுந்து மாய்கிறது என்று நம் முன்னோர் கூறிய நீதி அழகியதே. பாவம், விட்டிலுக்கு அவ்வாசை இல்லை.

கொல்லாமல் காண விரும்புவோர்க்கு ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு விளக்கும் போதும். சேஷாசல மலையடிவாரத்து வீடுகளில், நிலவற்று, காற்றடங்கி, புழுக்கம் மிகுந்த இரவொன்றில் வேட்டியைச் சுவரில் தொங்கவிட்டு, அதன்முன் விளக்கை வையுங்கள். கம்பளிப்புழுவின் தாயும் வரலாம். வந்த நாளைக் குறித்து வைத்தால் பக்கத்துக் கொல்லைக்காரருக்கு அது எச்சரிக்கையாகும். விடியுமுன் விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லையேல் துணியில் அமர்ந்தவற்றைக் காலையில் கரிச்சான் வந்து பொறுக்கிவிடும்.