புறம்போக்கு: ஒரு பாட்டும் எங்க வீட்டு பி மெமோவும்

ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு மீன்சுருட்டி போயிருந்தப்ப, வீட்டுப் பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியைத் துடைச்சு அடுக்கினேன். அதுல ஒரு கட்டு பழைய தாள். எல்லாம் தாத்தா பேர்ல வந்த பி மெமோ. அதாவது, அரசு நிலத்தை ஆக்கிரமிச்சதுக்கு வருவாய்த்துறை கொடுக்கிற நோட்டீஸ். நிலத்தின் வகை என்ற இடத்துல கணக்குப்பிள்ளை கையெழுத்தில் "ஏரிப் புறம்போக்கு". அம்மாகிட்ட கேட்டேன். "அந்த ஏரியோரத்துக் கொல்லைடா, வருஷா வருஷம் அபராதம் கட்டிட்டு உழுதுக்குவாரு" என்றார், ஏதோ பால் கணக்கு சொல்வது போல.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பாட்டு. 2017 ஜனவரி 14 அன்று யூடியூபில் வந்த "சென்னை பொறம்போக்கு பாடல்". டி.எம். கிருஷ்ணா பாடியது. இந்தப் பதிவு அந்தப் பாட்டின் பின்னணி பற்றியும், அதை நாம எப்படிக் கேட்டோம் என்பது பற்றியும்தான்.

அதுக்கு முன்னால ஒரு சின்ன சுற்று. தொண்ணூறுகளில் பி.இ. படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு நண்பன் மூலமா நிர்வாணா கேசட் அறிமுகம். அந்த இசை வகைக்குப் பேர் கிரஞ்ச். அந்தச் சொல்லுக்கு அமெரிக்கப் பேச்சுவழக்கில் அழுக்கு, கசடு என்று பொருள். சியாட்டில் நகரத்துப் பசங்க எண்பதுகளில் தங்கள் இசைக்கு இந்த வசவுப் பேரைத் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். அதன் உச்சம் 1991 செப்டம்பரில் வந்த "ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்". தோழி ஒருத்தி சுவரில் கிறுக்கிய வரியிலிருந்து கர்ட் கோபேன் எடுத்த தலைப்பு அது. அவர் அதை ஏதோ புரட்சி வாசகம் என்று நினைத்தாராம். டீன் ஸ்பிரிட் என்பது கடையில் விற்கும் ஒரு வாசனைப் பொருளின் பிராண்டு என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம் 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்குப் போனது. எல்லாரும் பாடினார்கள். பாடியவர் சலித்துப்போய் சில மேடைகளில் அதைப் பாடவே மறுத்தார்.

வசவுச் சொல்லைப் பேராக்கிக்கொள்வது, பாட்டு பிரபலமாகி அதன் கோபம் மட்டும் காணாமல் போவது. இந்த ரெண்டும் நம்ம ஊர்ப் பாட்டிலும் நடந்தது என்பது என் எண்ணம்.

பொறம்போக்கு பாடலை எழுதியவர் கபேர் வாசுகி, சென்னையின் சுயாதீன இசைக்காரர். சினிமாவுக்கு வெளியே கிடாரோடு தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுகிறவர். மெட்டமைப்பில் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். இயக்கம் ரதீந்திரன் பிரசாத். இவர்தான் 2015-ல் சோபியா அஷ்ரப் பாடிய கொடைக்கானல் ராப் பாட்டின் காணொளியையும் எடுத்தவர். இந்த முறை கச்சேரியை சபாவில் வைக்காமல் எண்ணூர் கழிமுகத்தில் வைத்தார்கள். ஆனந்தபைரவியில் தொடங்கி ராகமாலிகையாகப் போகும் பாட்டு. மொழி மட்டும் சென்னைத் தெருப் பேச்சு.

எண்ணூர் என்பது கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். இறாலும் நண்டும் மடவையும் கிடைத்த கழிமுகம். சுற்றிலும் அனல்மின் நிலையங்கள், துறைமுகம், ரசாயன ஆலைகள். நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புவார்கள். குழாய் கசியும். சாம்பல் ஆற்றில் படியும். படகு தரைதட்டும். பாட்டு சொல்வது இவ்வளவுதான்: இது சும்மா கிடக்கிற நிலம் இல்லை, வெள்ளத்தை வாங்கிக்கொள்கிற நிலம். 2015 வெள்ளம் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

இனி சொல்லுக்கு வருவோம். புறம்பு, போக்கு. கணக்குக்குப் புறம்பாகப் போன நிலம். இந்த ஏற்பாடு பழசு. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர் ஊராக நிலத்தை அளந்து எழுதும்போது, குடியிருக்கும் நத்தம், கோயில், குளம், ஊடே போகும் வாய்க்கால், சுடுகாடு இவற்றை எல்லாம் கழித்துவிட்டுத்தான் வரி கட்டும் நிலத்தைக் கணக்கிடுகிறார்கள். கழிக்கப்பட்டது இறையிலி. அந்தப் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. அதனால் அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரல. ஆனால் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் விலை போடக்கூடாது என்பது தெரிந்திருந்தது. எங்க ஊருக்குப் பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரத்தில், ராஜேந்திரன் தன் கங்கை வெற்றிக்கு நீரால் ஆன ஜயஸ்தம்பமாக ஒரு ஏரியையே வெட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது.

வெள்ளைக்காரன் ரயத்துவாரி கொண்டுவந்தபோது வரி தராத நிலம் என்பது வருமானம் இல்லாத நிலம். 1905-ல் வந்த சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியாருக்கு உரிமை இல்லாத சாலை, ஆறு, ஏரி எல்லாம் அரசாங்கச் சொத்து என்று எழுதிவிட்டது. ஊருக்குப் பொதுவானது கலெக்டருக்குச் சொந்தமானது. அங்கே குடிசை போட்டவன், வேறு நிலம் இல்லாதவன். கொஞ்ச காலத்தில் அந்த நிலத்தின் பேரே அவனைத் திட்டும் சொல்லானது. பாட்டு அந்த வசவை எடுத்து, "நானும் நீயும் அதுதான்" என்கிற தொனியில் திருப்பிக் கொடுத்தது.

சரி, நாம எப்படிக் கேட்டோம்?

பாட்டு வந்த மூணாவது நாள் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் தொடங்கியது. ஊரே பொங்கிக்கொண்டிருந்த நேரம். எங்க கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் பாட்டைப் போட்டேன். ஒருத்தன் தலைப்பைப் பார்த்துச் சிரித்தான். இன்னொருத்தன் ராகங்களை வரிசையாக எழுதினான். மூணாவது ஆள், கர்நாடக சங்கீதத்தில் இந்தப் பாஷை தேவையா என்று சண்டைக்கு வந்தான். எண்ணூரைப் பற்றி ஒருத்தரும் கேட்கல. நானும் கேட்கல. ரெண்டே வாரத்தில், ஜனவரி 28 அன்று, எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் மாணவர்களும் அதை பக்கெட்டில் அள்ளிய படங்கள் நினைவிருக்கும்.

கொடைக்கானல் பாட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அதில் எதிராளிக்கு ஒரு பேர் இருந்தது, கடையில் விற்கும் பொருட்கள் இருந்தன. பாட்டு உலகம் பூரா சுற்றியது. 2016 மார்ச்சில் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. அந்த மக்கள் பதினைந்து வருஷம் போராடியதன் பலன் அது. பாட்டு கடைசியில் ஒரு கை கொடுத்தது. எண்ணூர்ப் பாட்டில் அப்படி ஒரு ஆள் இல்லை. அந்த மின்சாரத்தில்தான் என் மானிட்டர் எரிகிறது. நான் வேலை பார்க்கும் அலுவலகம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம். எங்க ஊர் அண்டையிலிருக்கும் வீராணத்துத் தண்ணீர் 2004-லிருந்து குழாயில் சென்னைக்கு வருகிறது. குற்றவாளிக் கூண்டில் கேட்பவனே நிற்கிற பாட்டை எப்படிக் கேட்பது? ராகம் நல்லாயிருக்கு என்றுதான்.

எண்ணூருக்கு அதன் பிறகும் விடிவு வரல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியது. அதே மாசம் அங்கே அமோனியா கசிவும் நடந்தது.

பி மெமோ விஷயத்துக்கு வர்றேன். இணையத்தில் 'அ' பதிவேட்டைப் போட்டு அந்தச் சர்வே எண்ணைத் தேடினேன். இன்னமும் ஏரிப் புறம்போக்குதான். நாங்க இன்னமும் அதில் கடலை போடுகிறோம். மின் நிலையமும் எங்க அரை ஏக்கரும் ஒண்ணு இல்லைதான். ஆனா ஏரியோரம் பூரா ஆளுக்கு அரை ஏக்கர் என்றால், மழைத்தண்ணி எங்க போய் நிற்கும்?

அண்ணன்கிட்ட, இந்த அறுவடையோட விட்டுடலாம்னு சொல்லிப் பார்த்தேன். "நீ மெட்ராஸ்ல உக்காந்துகிட்டு சொல்லுவ, முதல்ல பக்கத்துக் கொல்லைக்காரனை விடச் சொல்லு" என்றார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. வர்ற ஆடியில் மறுபடி ஊருக்குப் போறேன், மறுபடி கேட்பேன்.