ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் பிறந்த இசை: கையஸ்

'ஸ்ரோனர் றொக்' என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது கஞ்சாப் புகைதான். அந்த வகையின் மூலவர்கள் என்று சொல்லப்படுகிற கையஸ் குழுவின் கிற்றார் கலைஞர் ஜொஷ் ஹொமிக்கே அந்தப் பெயர் பிடிக்காது. எங்களுக்கும் பிடிக்கேல்லை. இவர்களின் இசையில் புகையை விட மணலும் பெற்றோலும்தான் அதிகம் மணக்குது.

கலிபோர்னியாவின் பாம் டெசேட், லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிழக்கே காரில் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். கோல்ஃப் மைதானங்கள், ஓய்வுபெற்ற பணக்காரர்கள், கோடையில் 40 பாகையைத் தாண்டுகிற வெயில். பள்ளிக்கூடப் பெடியள் சத்தமாக வாசிக்க அங்கே இடமில்லை. அதனால் 1980களில் ஜெனரேற்றரையும் அம்பிளிபயர்களையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குள் போய்விட்டார்கள். இதற்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் மாரியோ லாலி. அவருடைய குழு யோனிங் மேன். ரிக்கற் இல்லை, மேடை இல்லை, 'நேரம் முடிஞ்சுது' என்று சொல்ல ஆளில்லை. காற்றெழும்பினால் வாய்க்குள்ளயும் மணல். அந்தக் கூட்டத்துக்குள் வளர்ந்தவர்கள்தான் ஹொமி, ட்றம்ஸ் வாசித்த பிரான்ற் பியோர்க், பாடகர் ஜோன் கார்சியா.

சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவரில்லாத வெளியில் மெல்லிய ஒலிகள் கரைந்து போகும். நெஞ்சில் வந்து இடிக்கிற அடி ஒலிதான் மிஞ்சும். ஹொமி தன் கிற்றாரின் தந்திகளை இரண்டு முழுச்சுரம் இறக்கி C இல் நிறுத்தினார். அதையும் கிற்றார் அம்பிளிபயரில் கொழுவாமல் பேஸ் அம்பிளிபயரில் கொழுவினார். இதனால் கிற்றார் எங்கே முடியுது, பேஸ் எங்கே தொடங்குது என்று பிரிக்கேலாது. பாரம் மட்டும் என்றால் அலுத்திருக்கும். ஆனால் பியோர்க்கின் தாளம் நடனம்போல ஆடிக்கொண்டே போகும். '50 மில்லியன் இயர் ட்ரிப்' பாடலைக் கேளுங்கோ: பாதி வரை லொறிபோல விரைந்து, பிறகு மெல்ல மெல்ல மிதக்கத் தொடங்கும். சைக்கடெலிக் என்ற சொல்லுக்கு எங்களிடம் இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

அந்தப் பாடல் இருக்கிற 'புளூஸ் ஃபோர் த ரெட் சன்' 1992 இல் வந்தபோது ஹொமிக்கு 19 வயசு. தயாரிப்பாளர் கிறிஸ் கொஸ். அடுத்த வருசமே அவுஸ்திரேலியாவில் மெற்றாலிக்காவுக்கு முன்னால் வாசித்தார்கள். 1994 இல் வந்த 'வெல்கம் ரு ஸ்கை வலி' அல்பத்தின் சீடியில் பாடல்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் மூன்று நீண்ட பகுதிகளாகக் கோத்திருந்தார்கள். பிடிச்ச பாட்டுக்குத் தாவ விடமாட்டினமாம்! எங்கட கருத்தில் அவர்களின் உச்சம் அதுதான். பியோர்க் விலகினார், 1995 இல் இன்னொரு அல்பம், அதே வருசம் குழுவும் கலைந்தது. ஹொமி பிறகு குயீன்ஸ் ஒஃப் த ஸ்ரோன் ஏஜ் மூலம் உலகப் புகழ் பெற்றார்.

கலைந்த குழுவின் பெயர் மட்டும் விலையேறிக்கொண்டே போனது. கார்சியாவும் பியோர்க்கும் 'கையஸ் லிவ்ஸ்!' என்று மேடையேறினார்கள். 2012 இல் ஹொமியும் பழைய பேஸ் கலைஞர் ஸ்கொற் றீடரும் வழக்குப் போட்டார்கள். கடைசியில் பெயரை விட்டிட்டு, விஸ்ரா சீனோ என்று 2013 இல் அல்பம் வெளியிட்டார்கள். சட்டப்படி ஹொமி பக்கம் நியாயம் இருக்கலாம். எங்களுக்கு உறுத்துவது வேற ஒன்று.

காசில்லாமல், பெயர்ப்பலகை இல்லாமல் இருட்டில் வாசித்த ஒரு கூட்டத்தின் சத்தம் இது. அதில் முன்னுக்கு நின்ற யோனிங் மேன் பற்றி எத்தினை பேருக்குத் தெரியும்? கையஸ் மறக்கவில்லை, கடைசி அல்பத்தில் யோனிங் மேனின் 'கற்றமரான்' பாடலை வாசித்தார்கள், அதே குழுவின் அல்ஃப்றெடோ ஹெர்னாண்டஸ்தான் அதற்கு ட்றம்ஸ். யோனிங் மேனின் சொந்த முதல் அல்பம் 'றொக் ஃபோர்மேசன்ஸ்' வெளிவந்தது 2005 இல். அப்போது கையஸ் கலைந்தே பத்து வருசம்.