காப்பீட்டு நிறுவனங்களின் வணிக இரகசியம்

காப்பீட்டு நிறுவனங்கள் அரசிடமும் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் ஒப்படைக்கும் வணிகத் தகவல்களைப் பொதுமக்கள் கேட்டால் எந்த அளவுக்கு மறுக்கலாம் என்பது பற்றிய சட்டநிலை. பிரீமியம் கணக்கிடும் முறை, மறுகாப்பீட்டு ஒப்பந்தத்தின் விலை, மருத்துவமனைகளோடு பேசி முடித்த கட்டணம், முதலீட்டுக் கோப்புகள், மோசடிக் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் உத்திகள் ஆகியவை பெரும்பாலும் இந்த வகையில் வருகின்றன. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஆகிய இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் விடை காண வேண்டும். அப்படிப் படித்தால், இரகசியம் என்பது நிறுவனத்துக்குத் தானாக வாய்த்த உரிமை அல்ல, ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டிய கோரிக்கை என்பது தெரியும். அலுவலக நடைமுறையில் இது பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது.

ஆழ்வார்பேட்டையும் முந்த்ரா விவகாரமும்

சென்னையில் இந்தப் பொருளுக்கு ஒரு முகவரி உண்டென்றால் அது 600018. ஆழ்வார்பேட்டைக்கும் தேனாம்பேட்டைக்கும் பொதுவான அஞ்சல் குறியீட்டு எண் அது. பாலிசிதாரரின் புகாரை விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் அண்ணா சாலையில் ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. தமிழ்நாடு மாநிலத் தகவல் ஆணையமும் நந்தனத்துக்குப் போவதற்கு முன்பு, தியாகராய சாலையில் ஆலையம்மன் கோயிலுக்கு அருகே அதே எண்ணில்தான் இயங்கியது. பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸின் தலைமையகம் சற்றுத் தள்ளி ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் உள்ளது.

ஆழ்வார்பேட்டையின் நடுவே ஓடும் டி.டி.கே. சாலையின் பழைய பெயர் மௌப்ரேஸ் சாலை. இந்தியக் காப்பீட்டுத் துறையில் மூடிய கோப்பு ஒன்று திறக்கப்பட்ட பெரிய நிகழ்ச்சி ஒன்றில் பதவி இழந்தவரின் பெயரே இப்போது அந்தச் சாலைக்கு. 1957 ஜூன் மாதம் ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.), கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளாமலே இது நடந்தது. அந்த டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் பெரோஸ் காந்தி அவையில் இதுபற்றிக் கேள்வி எழுப்பினார். விசாரிக்க நியமிக்கப்பட்ட பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா விசாரணையைத் திறந்த மன்றத்தில் நடத்தினார். இடம் போதாமல் வெளியே நின்ற கூட்டத்துக்காக ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

முதலீட்டு முடிவு என்பது காப்பீட்டு நிறுவனத்தின் உள்விவகாரம் என்ற வாதம் அந்த விசாரணைக்குப் பிறகு முன்போல் எடுபடவில்லை. அங்கே பேசப்பட்டது பாலிசிதாரர்களின் சேமிப்பு.

1938 சட்டத்தின் 20ஆம் பிரிவு

தகவல் உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் மறந்துவிடும் பிரிவு இது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒழுங்குமுறை அமைப்பிடம் தாக்கல் செய்யும் கணக்கு விவரங்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும், கட்டணம் செலுத்தி எவரும் படி பெறலாம் என்றும் அது வகுத்தது. பங்குதாரரோ பாலிசிதாரரோ கேட்டால் நிறுவனமே 14 நாளுக்குள் கணக்கின் படியைத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. நாடு விடுதலை பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பெரும்பாலும் தனியார் நிறுவனங்களே இருந்த சந்தையில் எழுதப்பட்ட விதி இது. வெளிப்படைத்தன்மையில் அது பிந்தைய நடைமுறையைவிட ஒரு படி முன்னே நிற்கிறது என்றே சொல்ல வேண்டும்.

காப்பீடு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2010 ஜனவரி 28 தேதியிட்ட சுற்றறிக்கையில், நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டிய படிவங்களைப் பட்டியலிட்டது. ஆயுள் காப்பீட்டுக்கு ‘எல்’ வரிசை, பொதுக் காப்பீட்டுக்கு ‘என்.எல்.’ வரிசை. தர வேண்டியதைத் தரும் வலு நிறுவனத்துக்கு எவ்வளவு உண்டு என்பதைக் காட்டும் கடன்தீர்வு விகிதம் குறைந்தது 1.5 இருக்க வேண்டும் என்பது விதி. யுனைடெட் இந்தியா 2022-23இல் அந்த வரம்புக்குக் கீழே இருந்ததை இத்தகைய படிவத்திலேயே எவரும் பார்க்க முடிந்தது. தன் பலவீனத்தை வெளியிட்டதால் நிறுவனம் கவிழ்ந்துவிடவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில்

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு வணிக நம்பிக்கை, தொழில் இரகசியம், அறிவுசார் சொத்து ஆகியவற்றுக்கு விலக்கு தருகிறது. ஆனால் நிபந்தனை உண்டு: வெளியிட்டால் மூன்றாம் தரப்பின் போட்டி நிலைக்குத் தீங்கு நேர வேண்டும். தீங்கு நேர்ந்தாலும், பெரிய பொதுநலன் இருந்தால் தகவலைத் தரலாம். மறுத்தது சரிதான் என்று மேல்முறையீட்டில் நிரூபிக்கும் சுமை பொதுத் தகவல் அலுவலர் தலையில்தான் விழுகிறது. ‘இது வணிக இரகசியம்’ என்று ஒற்றை வரியில் வரும் பதில் சட்டத்தின் முன் பதிலே ஆகாது.

எல்.ஐ.சி., யுனைடெட் இந்தியா போன்றவை இந்தச் சட்டத்துக்கு நேரடியாக உட்பட்ட ‘பொது அதிகார அமைப்புகள்’. அவற்றிடம் நேரடியாகவே மனுச் செய்யலாம். தனியார் நிறுவனங்கள் அப்படி அல்ல. அவற்றின் தகவலை அடைய வேறு வழி உண்டு. ஒரு பொது அதிகார அமைப்பு வேறொரு சட்டத்தின் கீழ் தனியாரிடமிருந்து பெறக்கூடிய தகவலும் ‘தகவல்’தான் என்கிறது 2(எஃப்) பிரிவு. கேரளத்தின் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், கூட்டுறவுச் சங்கம் பொது அதிகார அமைப்பு இல்லாவிட்டாலும் கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றது. காப்பீட்டில் பதிவாளரின் இடத்தில் ஹைதராபாத்தில் உள்ள ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இருக்கிறது.

நிறுவனம் இரகசியமெனக் கருதித் தந்த தகவலாக இருந்தால் 11ஆம் பிரிவின்படி 5 நாளுக்குள் அதற்கு அறிவிப்புப் போக வேண்டும். நிறுவனம் 10 நாளுக்குள் மறுப்பைச் சொல்லலாம். மனு வந்த 40 நாளுக்குள் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். நிறுவனத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டுமே தவிர அதன் சம்மதம் தேவையில்லை. பல அலுவலகங்கள் ‘மூன்றாம் தரப்பு ஆட்சேபித்துவிட்டது’ என்று கோப்பை மூடிவிடுவது இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும் பழக்கம்.

பாலிசிதாரரின் நோய் விவரம், முகவரி போன்றவை வேறு கணக்கு. அவை தனிநபர் தகவல்கள், அவற்றுக்கு 8(1)(ஜே) காவல். நிறுவனங்கள் சில சமயம் தங்கள் வணிகக் கணக்கையும் பாலிசிதாரரின் அந்தரங்கத்தின் பின்னே ஒளித்துவைக்கப் பார்ப்பதுண்டு. பெயர்களை நீக்கிவிட்டு மீதியைத் தர 10ஆம் பிரிவு வழிசெய்கிறது.

நீதிமன்றங்கள்

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது வங்கி வழக்கு. ரிசர்வ் வங்கி எதிர் ஜயந்திலால் மிஸ்திரி வழக்கில் 2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், வங்கிகளை ஆய்வுசெய்து திரட்டிய அறிக்கையை ரிசர்வ் வங்கி அந்த வங்கிகளின் நம்பிக்கைக்குரிய காவலராக வைத்திருக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஒழுங்குபடுத்துபவரின் கடமை பொதுமக்களிடம், வங்கிகளிடம் அல்ல. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யை உருவாக்கிய 1999ஆம் ஆண்டுச் சட்டம் பாலிசிதாரர்களின் நலனைக் காப்பதையே முதல் நோக்கமாகச் சொல்வதால், இந்தத் தர்க்கம் காப்பீட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் 2022 செப்டம்பர் 30 அன்று, தங்கள் தரப்பைக் கேட்காமல் அந்தத் தீர்ப்பு வந்தது என்ற தனியார் வங்கிகளின் மனுவை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

தகவல் சட்டம் வருவதற்கு முன்பே காப்பீட்டில் ஒரு வழக்கு உண்டு. அகமதாபாத் நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்த பேராசிரியர் மனுபாய் ஷா, எல்.ஐ.சி. அதிகப் பிரீமியம் வசூலிக்கிறது என்று 1978இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கழகத்தின் உறுப்பினர் ஒருவர் சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’வில் மறுப்பு எழுதினார், ஷாவின் பதிலும் அதே நாளேட்டில் வந்தது. பிறகு அந்த மறுப்பு எல்.ஐ.சி.யின் ‘யோகக்ஷேமா’ இதழில் ஏற, ஷாவின் பதிலுக்கு மட்டும் அங்கே இடம் மறுக்கப்பட்டது. அது வீட்டு இதழ், கடையில் விற்பதல்ல என்பது காரணம். 1992இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் இதழ் ஒரு தரப்பை மட்டும் சொல்ல முடியாது என்றது.

தமிழ்நாட்டு நலத்திட்டம்

2009 ஜூலையில் தொடங்கிய, அரசே பிரீமியம் கட்டிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனத்தின் மூலம் நடந்தது. 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் யுனைடெட் இந்தியாவிடம் வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 2012இல் ரூ.497, 2022 ஜனவரிப் புதுப்பிப்பில் ரூ.849. இந்த எண்கள் அரசே அறிவித்தவை, யாரும் அவற்றை இரகசியம் என்று சொல்வதில்லை. அந்தத் தொகைக்கு எப்படி வந்தார்கள், வசூலான பிரீமியத்தில் கிளெய்மாகத் திரும்பியது எவ்வளவு, எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு போனது என்ற அடுத்த கேள்விகளில்தான் 8(1)(டி) குறுக்கே வருகிறது. ஒப்பந்தப்புள்ளி மதிப்பீடு முடியும் வரை இரகசியம் காப்பது நியாயம். மாநில ஒப்பந்தப்புள்ளி விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. முடிவான பிறகு அரசுப் பணத்தில் கட்டிய பிரீமியத்தின் கணக்கை மூட வலுவான காரணம் வேண்டும். மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சட்டத்தின் 4ஆம் பிரிவே கட்டளையிடுகிறது.

ஒரே ஒப்பந்தத்துக்கு இங்கே இரண்டு வழிகள் உண்டு. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள திட்ட அலுவலகத்திடம் கேட்டு மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீடு மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். ஒயிட்ஸ் சாலையில் கேட்டால் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு.

வெளிநாடுகள்

அமெரிக்காவில் காப்பீட்டை மாநிலங்களே ஒழுங்குபடுத்துகின்றன. நிறுவனம் தன் ஆபத்துகளைத் தானே மதிப்பிட்டுத் தரும் அறிக்கை பொதுப் பதிவுச் சட்டத்துக்கு உட்படாது என்று 2012இல் மாநில ஆணையர்களின் சங்கம் மாதிரிச் சட்டம் வகுத்தது. கலிபோர்னியா வேறு திசையில் போனது. 1988இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டத்தைக் காட்டி, எந்த அஞ்சல் எண் பகுதியில் எத்தனை பாலிசி விற்றது என்ற விவரத்தைத் தொழில் இரகசியமென மறைக்க முடியாது என்று 2004இல் அதன் உச்ச நீதிமன்றம் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனத்துக்குச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் நிறுவனங்களிடம் இரண்டு அறிக்கை கேட்கிறது: ஒன்று மக்களுக்கு, மற்றொன்று கண்காணிப்பாளருக்கு மட்டும்.

இந்தியாவில் சந்தையே சிலவற்றைத் திறந்துவிட்டது. அதுவரை பொதுவெளிக்கு வராத எல்.ஐ.சி.யின் உள்ளடக்க மதிப்பு (இருக்கும் பாலிசிகளின் எதிர்கால லாபத்தையும் சேர்த்துக் கணிக்கும் மதிப்பு), பங்கு விற்பனைக்காக 2022 பிப்ரவரியில் தாக்கலான ஆவணத்தில் ஏறத்தாழ ரூ.5.39 லட்சம் கோடி என்று அச்சானது.

கால வரம்பு

வணிக இரகசிய விலக்கு நிரந்தரம் அல்ல. 8(3) பிரிவின்படி, 20 ஆண்டுக்கு முன் நடந்த விவகாரம் பற்றிய தகவலை 8(1)(டி) காட்டி மறுக்க முடியாது. 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் தொடக்கக் கோப்புகளுக்கு அந்த வரம்பு 2029 ஜூலையில் முடிகிறது.