எக்ஸ்பான்ஸை யாரும் பார்க்கலையா?

2018 மே 11. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல நடக்கிற அரசியலைச் சொன்ன 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை மூணாவது சீசனோட நிறுத்தறதா அமெரிக்காவின் சைஃபை சேனல் முடிவு பண்ணுச்சு. காரணம், ரேட்டிங் போதலை.

அப்போ யாரும் பார்க்கலையா? பார்த்தாங்க, ஆனா ஸ்ட்ரீமிங்ல. சைஃபை கையில இருந்தது அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு உரிமை மட்டும்தான். ஒளிபரப்பாகும்போது டிவியில பார்த்தவங்களை நம்பித்தான் அதோட விளம்பர வருமானம். பிறகு ஸ்ட்ரீமிங்ல பார்த்தவங்க எவ்வளவு தீவிர ரசிகர்களா இருந்தாலும், சேனல் கணக்குல பூஜ்ஜியம்.

நீல்சன் ரேட்டிங், அப்போ சில மாதிரி வீடுகள்ல மீட்டர் வெச்சு எடுத்த கணக்கு. குடும்பமே ஒரே டிவி முன்னாடி உட்கார்ந்த காலத்துக்கு அது பொருந்துச்சு. 2018-ல பார்க்கிற பழக்கம் மாறிடுச்சு. சேனலோட வரவு செலவு மட்டும் பழைய கணக்கையே நம்பி இருந்துச்சு.

ரசிகர்கள் விடலை. ஒரு லட்சத்துக்கும் மேல கையெழுத்து சேர்ந்தது. அமேசான் ஸ்டுடியோஸ் அலுவலகத்துக்கு மேல பேனரோட விமானமே பறக்க விட்டாங்க. மே 25 அன்னிக்கு, லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு விண்வெளி மாநாட்டில் ஜெஃப் பெசோஸ் அறிவிச்சார்: தொடர் தப்பிச்சது. இன்னும் மூணு சீசன் வந்து, 2022 ஜனவரியில் முடிஞ்சது.

சுபமா? பாதிதான். இங்கே அளவுகோல் திருந்தலை. அதை மீறி முடிவெடுக்கிற இடத்தில் இருந்த ஒருத்தர் அந்தத் தொடரோட ரசிகரா இருந்தார், அவ்வளவுதான். இன்னிக்கு எந்தக் காட்சியில நாம நிறுத்தினோம்னு கூட ஸ்ட்ரீமிங் கம்பெனிக்குத் தெரியும். அதுல எதை வெளியே சொல்றதுங்கிறது அவங்க விருப்பம். அடுத்த தடவை உங்களுக்குப் பிடிச்ச தொடரை நிறுத்தும்போது, யாரும் பார்க்கலைன்னு சொன்னா, எப்படி எண்ணினீங்கன்னு கேளுங்க.