ஒப்பாரியும் மனவடுவும்: நானுஓயாப் புகையிரத நிலையத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

நானுஓயாவிற்குப் புகையிரதப் பாதை 1885இல் வந்து சேர்ந்தது. தோட்டங்களின் விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்திற்கு இறக்கிய அப்பாதையே, எண்பதாண்டுகளின் பின்னர் அத்தோட்டங்களின் மனிதரையும் இறக்கலாயிற்று. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களை 1964இன் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். சரக்குக் கணக்கும் இவ்வாறே எழுதப்படும்.

தலைமன்னார் நோக்கிய அவ்வண்டிகளை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதியொன்றும் இப்பெயரையே தாங்கியுள்ளது. இப்பெயர் ஆய்வுக்குரியது. இழவு வீட்டுக்குரிய பாடல், உயிரோடிருப்போரை வழியனுப்பும் மேடைக்கு இடம்பெயர்ந்தமை வெறும் உணர்ச்சிப் பெருக்கன்று.

மனவடுவை ஆற்றும் முறைகள் பற்றிய சிந்தனை, 1895இல் புரூயரும் பிராய்டும் வெளியிட்ட ஆய்விலிருந்து பெரும்பாலும் தனியாளையே அலகாகக் கொண்டது. அடக்கப்பட்ட நினைவு சொல்லாகி வெளிப்பட வேண்டும் என்பது அதன் கரு. ஒப்பாரி இதனைக் கூட்டாகச் செய்தது. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, இறந்தவரை விளித்து, அவர் பட்ட பாட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி அழுதனர். கங்காணியின் கொடுமையும் கடனும் அவ்விடத்தில் சொல்லாகின. ஆயினும் ஒப்பாரியை மிகைப்படுத்துதல் தகாது. அழுது ஆறியவர் மறுநாள் பிரட்டுக்குச் செல்லவே வேண்டியிருந்தது.

மேடையில் ஒப்பாரி முற்றுப்பெறவுமில்லை. சாவுக்குக் கருமாதி உண்டு. அதன் பின்னர் துக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. உயிரோடு பிரிந்தவருக்கு அவ்வெல்லை இல்லை. இத்தகைய முடிவற்ற பிரிவை அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' எனக் கோட்பாடாக்கினார். ஈழத்தின் வடபுலத்துப் போர்ப் பாதிப்புகளை ஆராய்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மனவடு சமூகத்தையே தாக்குவதனையும் மரபுச் சடங்குகள் அதனை ஆற்றுவதனையும் எடுத்துக்காட்டினார். அந்நோக்கு மலையகத்திற்கும் விரிக்கப்படல் வேண்டும்.

சிலி நாட்டு அனுபவம் ஈண்டுப் பெரிதும் துணைபுரியும். பினோசே ஆட்சியில் வதைபட்டோரின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, அதனை அவருடனேயே திருத்தி அமைக்கும் சிகிச்சை முறையை அங்குள்ள உளவியலாளர் இருவர் 1983இல் புனைபெயர்களில் வெளியிட்டனர். அழுகை அங்கே குற்றச்சாட்டாகவும் மாறியது, நோயாளி சாட்சியானார். ஒப்பாரி நின்ற இடத்திற்கு அப்பால் செல்லும் வழி இதுவென்றே கருதுகிறேன்.

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. செல்லாது எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. பிரிந்த குடும்பங்களைப் பற்றி அது பேசவில்லை. நானுஓயா மேடையில் நின்று அழுத பெண்களுள் இளையோரும் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களின் வாக்குமூலங்களை, கூடலூர், நீலகிரிப் பகுதிகளில் குடியமர்ந்த உறவினரின் வாக்குமூலங்களோடு சேர்த்துப் பதிவுசெய்யும் பணியை நமது தமிழ்த் துறைகள் இனியும் ஒத்திவைக்கலாகாது.